புது வீட்டுச் சுவர்: எந்த அறைக்கு மெற், எங்க மினுக்கம், என்ன நிறம்?

ஒட்டுசுட்டான்_வீடு

வணக்கம் அண்ணைமார், அக்காமார். வன்னியில ஒட்டுசுட்டான் பக்கம் கட்டுற வீடு. 6 அங்குலச் சீமெந்துக் கல்லு. உள்ளும் வெளியும் பூச்சு ஆகஸ்ட் 12 அளவில முடிஞ்சுது. ஓட்டுக்கூரை. ஹோலுக்கும் மூண்டு அறைக்கும் சீலிங் அடிச்சாச்சு, குசினிக்கும் விறாந்தைக்கும் இல்லை. தையில குடிபூரல் வைக்க யோசிக்கிறம்.

சுவர் உயரம் எல்லா இடமும் 10 அடி. ஹோல் 20க்கு 14. அறையள் 12க்கு 12, 12க்கு 11, 11க்கு 10. சாமியறை 6க்கு 6. குசினி 12க்கு 10, அதில விறகடுப்பும் காஸ் அடுப்பும் ரெண்டும் வரும். ஹோலுக்கு முன்கதவு 4க்கு 7, உள்வாசல் ரெண்டு 3க்கு 7, யன்னல் மூண்டு 5க்கு 4. ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவு, ரெண்டு யன்னல், அதே அளவுதான். வாசல் வடக்குப் பாத்தது. முன்னால கிரவல் ரோட்டு, கோடையில செம்புழுதி முழுக்க வீட்டுக்குள்ளதான் படியும். சின்னப் பிள்ளையள் ரெண்டு.

பெயின்ற் அடிக்க வாறவர் "முழுக்க மினுக்கமாய் அடியுங்கோ, ஈரத்துணியால துடைச்சு விடலாம்" எண்டுறார். கடையில காட்டின அட்டையில ஹோலின்ர ஒரு சுவர் மட்டும் கடும் மயில்நீலம், மற்றதெல்லாம் வெள்ளை. பாக்க வடிவாய்த்தான் கிடக்கு. பட்டி (சுவரை வழவழப்பாக்கப் பெயின்றுக்கு முதல் பூசுற பசை) வைக்கவேணுமோ வேண்டாமோ எண்டு ஆளுக்காள் ஒண்டு சொல்லுகினம். எந்த அறைக்கு எந்த ஃபினிஷ், என்ன நிறம், எத்தினை லீற்றர்? இப்ப செப்ரெம்பர் 20. மாரிக்கு முன்னம் எதை முடிக்கிறது, எதை விடுறது?

பிறஷ்காரன்

முழுக்க மினுக்கம் வேண்டாம். மினுக்கம் கூடக்கூடச் சுவரின்ர பிழையும் கூடத் தெரியும். யன்னலால வாற வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போகேக்க, மட்டப்பலகை நிண்ட இடம், வயர் பதிச்சு மூடின கீறு, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில உள்ள வரி எல்லாம் நிழல் விழுத்தும். மெற், அதாவது மினுக்கமில்லாதது, வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அதே சுவர் அதில மட்டமாய்த் தெரியும். முடிவெடுக்க முதல் இரவில லைற்றை நூத்துப்போட்டு ஒரு டோர்ச்சைச் சுவரோட ஒட்டிப் பிடிச்சுப் பாருங்கோ. அதில தெரியிற மேடு பள்ளம் அவ்வளவும் குளோஸ், அதாவது மினுக்கம், அடிச்சால் பகலில தெரியும்.

ரெண்டாவது காரணம் ஒட்டுவேலை. பிள்ளையள் கதிரையால இடிச்சு ஒரு துண்டு போனால், மெற் சுவரில அந்த இடத்துக்கு மட்டும் தொட்டுவிடலாம். மினுக்கச் சுவரில தொட்ட இடம் வட்டமாய்த் தனிய மினுங்கும். மூலையில இருந்து மூலை வரை முழுச்சுவரும் திருப்பி அடிக்கவேணும்.

துடைக்கிற கதையும் அரைவாசிதான் உண்மை. அழுக்குத் துடைபடுறது மினுக்கத்தால மட்டும் இல்லை, பெயின்றுக்குள்ள இருக்கிற பசையின்ர அளவால. விலை குறைஞ்ச மெற்றில பசை கொஞ்சம், சோக்குத்தூள் கனக்க. ஈரவிரலால தேய்ச்சால் விரலில ஒட்டும். "கழுவலாம்" எண்டு போட்ட மெற் வகையும் எல்லாக் கொம்பனியிலயும் இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்கோ. எது வாங்கினாலும் அடிச்சு ஒரு மாதம் போகும்வரை ஈரத்துணி வைக்கவேண்டாம். தொடக் காஞ்சமாதிரி இருந்தாலும் உள்ளுக்க இறுகக் கிழமைக்கணக்கு எடுக்கும்.

உங்கட வீட்டுக்கு எண்டால் இப்பிடி. சீலிங் சுத்த மெற் வெள்ளை. சீலிங்குக்கு அஸ்பெஸ்ரஸ் சீற் அடிச்சிருந்தால் அதைக் காஞ்சபடி சாண்ட் பேப்பர் போடவோ சுரண்டவோ வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால துடைச்சு, சீலர் (பெயின்றுக்கு முதல் அடிக்கிற அடிப்பூச்சு) அடிச்சு, மேல பெயின்ற் அடிக்கலாம்.

ஹோலுக்குக் கீழ 4 அடி ஒரு பட்டை, அதுக்கு மேல மெற். பழைய வீடுகளிலயும் பள்ளிக்கூடங்களிலயும் கீழ கடும் நிறத்தில பட்டை அடிச்சது சும்மா இல்லை. கை படுறதும், கதிரை முட்டுறதும், கூட்டேக்க புழுதி தெறிக்கிறதும் அந்த 4 அடிக்குள்ளதான். பட்டைக்குச் சில்க், அதாவது லேசான மினுக்கம், போதும். பிள்ளையளின்ர அறைக்கும் அதே மாதிரிச் செய்யலாம். பெரியாக்களின்ர அறை முழுக்க மெற்.

குசினிக்குத் தண்ணியில கலக்கிற எனாமல், செமி குளோஸ், அதாவது அரை மினுக்கம். எண்ணெய் எனாமல் வெள்ளை அடிச்சால் வெளிச்சம் குறைஞ்ச குசினியில ஒரு வருசத்துக்குள்ள மஞ்சளாய்ப் போகும். அது புகையால எண்டு சனம் நினைக்கும். புகையே இல்லாத அலுமாரிக்குள்ளயும் அது மஞ்சளாகும், வெயில் படாததுதான் காரணம். சாமியறைக்கும் அதே செமி குளோஸ்தான், விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் மெற்றில ஏறினால் இறங்காது. பாத்ரூமில ரைல்ஸுக்கு மேல வாற இடத்துக்குப் பூஞ்சணம் தாங்கிற வகை.

விறாந்தைச் சுவருக்கு உள்வீட்டுப் பெயின்ற் அடிச்சு மிச்சம் பிடிக்கவேண்டாம், சாரல் அடிக்கிற இடம், வெளிச்சுவர் வகைதான் வேணும். கதவும் நிலையும் முதிரை எண்டால் அதுக்கு எனாமல் அடிக்கிறது பாவம். வாணிஷ் மூண்டு கை (மூண்டு தரம்), முதல் கைக்குத் தின்னர் கொஞ்சம் கூட விட்டு மரத்துக்குள்ள இறங்க விடுங்கோ. வெயில் படுற முன்கதவுக்கும் யன்னலுக்கும் வெளிப்பாவனை வாணிஷ் வேணும். உள்வாணிஷ் வெயிலில செதிலாய் வெடிக்கும்.

மட்டப்பலகை

நிறம் பிறகு. முதல்ல சுவர் காஞ்சிட்டோ எண்டு பாக்கவேணும்.

புதுச் சீமெந்துப் பூச்சு கடும் காரம். குறைஞ்சது 4 கிழமை விடவேணும், 6 முதல் 8 கிழமை நல்லம். உங்களுக்கு ஒக்டோபர் 1 எண்டால் 7 கிழமை, அதுவும் சோளகம் அடிச்ச காலம். கூடுதலாய்க் காஞ்சிருக்கும். ஆனால் கணக்கை நம்பாமல் சோதியுங்கோ. தெளிவான பொலித்தீன் 2 அடிக்கு 2 அடி வெட்டி, நாலு ஓரமும் காத்துப் போகாமல் ரேப்பால சுவரில ஒட்டி, ஒரு முழு நாள் விடுங்கோ. உள்பக்கம் நீர்ப்புகை பிடிச்சால் இன்னும் ஈரம். குசினிச் சுவர், பாத்ரூமின்ர பின்சுவர், தரையில இருந்து ஒரு அடி உயரம், இந்த மூண்டு இடமும் கட்டாயம் பாருங்கோ. நடுச்சுவர் காஞ்சிருக்க அடிச்சுவர் ஈரமாய் இருக்கிறதுதான் வழமை.

காரம் போகாத சுவரில எண்ணெய் எனாமல் அடிச்சால் என்ன நடக்கும் எண்டால், காரமும் எண்ணெயும் சேர்ந்து சவர்க்காரமாகும். பெயின்ற் பிசுபிசுத்து உரிஞ்சு வரும். இமல்ஷன், அதாவது தண்ணியில கலக்கிற சுவர்ப் பெயின்ற், உரியாது, ஆனால் திட்டுத்திட்டாய் நிறம் வெளிறும். சில நீலமும் ஊதாவும்தான் முதல்ல போகும். அதால காரம் தாங்கிற சீலர் ஒரு கை கட்டாயம். "பெயின்றிலயே தண்ணி கூட விட்டு முதல் கை அடிப்பம், அதுவே சீலர்" எண்டு சொல்லுவினம். அப்பிடிச் செய்தால் தண்ணியோட பசையையும் சுவர் குடிச்சு, தூள் மட்டும் மேல நிக்கும். அதுக்கு மேல அடிக்கிறது அவ்வளவும் அந்தத் தூளிலதான் ஒட்டிக்கொண்டு நிக்கும்.

மேசன் கடைசியில சீமெந்துப் பால் தடவி வழுக்கி விட்டிருந்தால், கைபட்டால் கண்ணாடி மாதிரி இருக்கும். அதில சீலரும் இறங்காது. 100 ஆம் நம்பர் சாண்ட் பேப்பரால மேல்தோலைக் கிளறிவிட்டுத்தான் அடிக்கவேணும்.

பட்டிக்கு நேரான பதில்: மெற் வாற இடத்துக்கு முழுச்சுவர்ப் பட்டி தேவையில்லை. வெடிப்பு, ஆணி ஓட்டை, வயர்க் கீறு மட்டும் அடைச்சு விடுங்கோ. சில்க் வாற பட்டைக்கும் செமி குளோஸ் வாற குசினி, சாமியறைக்கும் வைக்கவேணும். பட்டி ரெண்டு வகை. சீமெந்துப் பட்டி ஈரம் தாங்கும், குசினிக்கும் பாத்ரூமுக்கும் அதுதான், சுவரில லேசாய்த் தண்ணி தெளிச்சுச் சீலருக்கு முதல் வைக்கிறது. அக்ரிலிக் பட்டி வழவழப்பு, ஆனால் ஈரம் பட்டால் இளகும், ஹோலுக்கும் அறைக்கும் மட்டும் சரி. அதுக்குச் சீலர், பட்டி, திருப்பிச் சீலர் எண்டு வரும். ஒரு கை 1 மில்லிமீற்றருக்கு மேல தடிக்க வைக்கவேண்டாம், தடிச்சால் வெடிக்கும். 20 கிலோச் சீமெந்துப் பட்டிப் பை ஒண்டு, ரெண்டு கை வைக்க 150 முதல் 200 சதுர அடி வரும். காஞ்சபிறகு 180 ஆம் நம்பர், பிறகு 240. தூசைத் துடைக்காமல் மேல அடிக்கிறவையும் இருக்கினம், பக்கத்தில நிண்டு பாருங்கோ.

வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தால் தண்ணியால கழுவவேண்டாம். கரைஞ்சு திருப்பி உள்ளுக்கதான் போகும். காஞ்ச பிறஷால தட்டி எடுத்து வெளியில கொட்டுங்கோ. ரெண்டு கிழமையால திருப்பிப் பூத்தால் உள்ளுக்க ஈரம் ஏறுது எண்டு அர்த்தம். அத்திவாரத்துக்கு மேல ஈரத்தடை, டி.பி.சி, போட்டதோ எண்டு கேளுங்கோ. போட்டிருந்தாலும், முற்றத்தை உயர்த்த எண்டு கிரவல் நிரப்பி அந்த மட்டத்துக்கு மேல மண் வந்தால் போட்டதும் போடாததும் ஒண்டுதான். மண் மட்டம் அதுக்கு 6 அங்குலம் கீழ நிக்கவேணும். வயலடிக் காணியளில மாரிக்கு 3 அடி வரை ஈரம் ஏறும். அதை மறைக்கிற பெயின்ற் எண்டு ஒண்டும் இல்லை, கொப்பளிக்கத்தான் செய்யும்.

கனகராயன்_கரை

வெளிச்சுவரை இந்த மாரிக்கு அப்பிடியே விடுங்கோ. மழை உப்பைக் கழுவிப்போடும். மாசியில காய விட்டு, பங்குனியில அடிச்சால் கனகாலம் நிக்கும். உள்ளுக்கு மட்டும் இப்ப அடியுங்கோ.

மட்டப்பலகை

9 அங்குலச் சுவருக்கு அது சரி அண்ணை. 6 அங்குலச் சீமெந்துக் கல்லுக்குச் சரிவராது. வாடையோட வாற மழை வடக்குச் சுவரிலயும் கிழக்குச் சுவரிலயும் நாள்கணக்காய் அடிக்கும். வெளியில பெயின்ற் இல்லாட்டி அந்தத் தண்ணி கல்லுக்குள்ள ஊறி உள்பக்கம் வரும். உள்ளுக்க பெயின்ற் தோல் இருந்தால் அதுக்குப் பின்னால நிண்டு கொப்பளமாய்த் தள்ளும். வெளியில அடிக்காமல் உள்ளுக்க அடிக்கிறது தலைகீழ் வேலை.

இவைக்கு வடக்கில விறாந்தை இருக்கு, அது காப்பாத்தும். ஆகவே கிழக்கு வெளிச்சுவர் முதல், பிறகு விறாந்தைக்கு வெளியில நிக்கிற வடக்குத் துண்டு. ரெண்டுக்கும் சீலர் ஒரு கை, வெளிப்பெயின்ற் ரெண்டு கை, ஒக்டோபர் முதல் கிழமைக்குள்ள. மேற்கும் தெற்கும் நீங்கள் சொன்னமாதிரி பங்குனிக்கு விடலாம், கூரைத் தாழ்வாரம் ரெண்டடி வெளிய வந்திருந்தால். கடைசிக் கை அடிச்சு ஒரு நாளாவது மழை படாமல் இருக்கவேணும். முந்தி மழை பட்டு மண்ணிறக் கோடு கோடாய் ஒழுகினமாதிரி வந்தால் பயப்படவேண்டாம், பெயின்றுக்குள்ள இருக்கிற சவர்க்காரப்பொருள் வெளிய வாறது. தண்ணியால கழுவினால் போயிடும்.

நிறப்பெட்டி

இனி நிறத்துக்கு வாறன். கடை அட்டையில பாக்கிறதும் சுவரில பாக்கிறதும் ஒண்டில்லை. அட்டையில சின்னத் துண்டாய் இளசாய்த் தெரியிற நிறம், நாலு சுவரிலயும் ஏறினதும் ஒண்டையொண்டு பட்டுத் தெறிச்சு ரெண்டு படி கடுமையாகும். மனசுக்குப் பிடிச்ச துண்டுக்கு ஒரு படி இளசை எடுங்கோ.

வெளிநாட்டு வீட்டுப் புத்தகங்களில "வடக்கு அறை குளிர் வெளிச்சம், அதுக்கு மஞ்சள் நிறம்" எண்டு கிடக்கும். எங்கட இடத்துக்கு அது அப்பிடியே பொருந்தாது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டின நாட்களில வன்னிக்குச் சூரியன் தலைக்கு நேர் மேல நிக்கும். அதுக்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை மத்தியான வெயில் வடக்குப் பக்கத்தால வரும். மற்ற மாதங்களில தெற்கால. ஆகவே வடக்குச் சுவருக்கும் வருசத்தில நாலரை மாதம் வெயில் இருக்கு.

ஆனால் உங்கட ஹோலுக்கு முன்னால விறாந்தை. உச்சி வெயில் நேராய் உள்ள வராது. வாறது முற்றத்துக் கிரவலில பட்டுத் தெறிச்ச வெளிச்சம், அது செம்மஞ்சள். கோடையில கிறீம் நிறச் சுவர் அந்த வெளிச்சத்தில றோசா கலந்தமாதிரி நிக்கும். மாரியில முற்றம் புல்லாகி வானமும் மூடிக் கிடக்கேக்க அதே சுவர் பச்சைச் சாம்பலாய்த் தெரியும். வாழையோ மாவோ யன்னலடியில நிண்டால் இன்னும் பச்சை. அதால ஹோலுக்கு மஞ்சள் தூக்கலான கிறீம் வேண்டாம். முட்டைக்கோது மாதிரி, ஒரு பக்கமும் சாயாத வெள்ளை எடுங்கோ. சில கொம்பனி அட்டையின்ர பின்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிற அளவு எண்டு 0 முதல் 100 வரை ஒரு எண் இருக்கும். விறாந்தை மறைக்கிற ஹோலுக்கு 70க்குக் குறையாமல் பாருங்கோ. நீலம் கலந்த பளிச்செண்ட வெள்ளை 85க்கு மேல வரும், ஆனால் அதில செம்புழுதி ரெண்டாம் நாளே தெரியும்.

கீழ்ப் பட்டைக்கு ஒரு கைப்பிடி புழுதியைக் கடைக்குக் கொண்டுபோங்கோ. பகிடி இல்லை. அந்தப் புழுதியைவிட ரெண்டு படி இளசான மண்ணிறம் எடுத்தால், மார்கழியில அடிச்ச பட்டை ஆடியிலயும் அழுக்காய்த் தெரியாது.

அறையள் எந்தத் திசை எண்டு நீங்கள் எழுதேல்லை. மேற்குப் பாத்த அறை பின்னேரம் 3 மணியில இருந்து மஞ்சள் வெயிலில வேகும். அதுக்கு வெளிறின பச்சை, சாம்பல் கலந்த இளநீலம் கண்ணுக்கு ஆறுதல். அறை உண்மையில குளிராது, அதுக்கு யன்னலுக்கு வெளிய நிழல்தான் வேணும். கிழக்கு அறைக்குக் கிறீம், சந்தனம் வடிவு.

இரவையும் மறக்கவேண்டாம். பல்ப் பெட்டியில 6500 எண்டு இருந்தால் நீலவெள்ளை, 3000 எண்டால் மஞ்சள். 6500 பல்ப் வெளிச்சத்தில இளஞ்சாம்பல் நீலமாய் மாறும், சந்தனம் செத்துப்போகும். 3000 பல்ப் வெளிச்சத்தில இளநீலம் அழுக்குப் பச்சையாகும். முதல் பல்பை முடிவெடுங்கோ, பிறகு நிறம்.

சோதிக்கேக்க சுவரில நேரை பூசவேண்டாம், அந்த விளிம்பு பிறகும் தெரியும். 2 அடிக்கு 2 அடி வெள்ளை மட்டையில ரெண்டு கை அடிச்சு, காலை 7, மத்தியானம், பின்னேரம் 4, இரவு லைற் எண்டு நாலு நேரமும் வேற வேற சுவரில சாய்ச்சுப் பாருங்கோ. 1 லீற்றர் ரின் நாலைஞ்சு மட்டைக்குக் காணும்.

ஒட்டுசுட்டான்_வீடு

எல்லாருக்கும் நன்றி. பொலித்தீன் நேற்று ஒட்டினது. ஹோலிலயும் அறையிலயும் ஒண்டும் இல்லை. பாத்ரூமுக்குப் பின்சுவரில மட்டும் புகை பிடிச்சிருக்கு. ரெண்டு சந்தேகம். அந்த மயில்நீலச் சுவர் முழுசாய் வேண்டாமோ? மற்றது, விறகடுப்புப் பக்கச் சுவருக்கு என்ன செய்யிறது? அம்மா சுண்ணாம்பு அடி எண்டுறா.

நிறப்பெட்டி

வேணுமெண்டால் அடிக்கலாம், ஆனால் எங்க எண்டு பாக்கவேணும். யன்னல் இருக்கிற சுவருக்குக் கடும் நிறம் அடிச்சால் யன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தும், சுவர் கறுப்பாய்த் தெரியும். யன்னலுக்கு எதிர்ச்சுவர், 14 அடிப் பக்கம், வாசலால வாற ஆக்கள் தொடாத இடம் எண்டால் சரி. பாத்ரூம் பின்சுவர் ஹோல் பக்கம் வருது எண்டால் அதைத் தொடவேண்டாம்.

கடும் நிறத்துக்கு மெஷினில கலக்கிற அடிப் பெயின்றில வெள்ளை மிகக் குறைவு, அதால மூடுதிறன் குறைவு. ரெண்டு கையில திட்டுத்தெரியும். முதல்ல நடுச்சாம்பல் ஒரு கை, பிறகு மயில்நீலம் ரெண்டு, சிலவேளை மூண்டு. வெள்ளைக்கு மேல நேரை அடிச்சால் நாலு கையும் போகும். மெற்றில கடும் நிறத்துக்கு இன்னொரு குணம், நகம் பட்டாலும் வெள்ளைக் கோடு விழும், தோள் உரசின இடம் மினுங்கும். புழுதியும் மயில்நீலத்திலதான் மண்ணிறத்தைவிடப் பளிச்செண்டு தெரியும். உங்கட வீட்டுக்கு நான் அதைச் சாமியறையின்ர உள்மாடத்துக்குள்ளயோ அலுமாரிக் குழிக்குள்ளயோ மட்டும் வைப்பன். பித்தளை விளக்குக்குப் பின்னால மயில்நீலம் எடுப்பாய்த்தான் இருக்கும்.

பிறஷ்காரன்

அம்மா சொல்லுறதுதான் சரி தம்பி. விறகடுப்புக்கு நேர் பின்சுவரும் பக்கத்து ரெண்டடியும் எந்தப் பெயின்ற் அடிச்சாலும் கரி ஏறும், சூட்டில மஞ்சளாகும். அந்த இடத்துக்குச் சீலரும் வேண்டாம், பட்டியும் வேண்டாம், பூச்சுக்கு மேல நேரை சுண்ணாம்பு. சுவரை நனைச்சுப்போட்டு, பால் பதத்தில மெல்லிசாய் மூண்டு கை, ஒவ்வொரு கைக்கும் ஒரு நாள் இடைவெளி. வருசா வருசம் பொங்கலுக்கு முன்னம் ஒரு கை. ஆனால் இப்பவே எல்லையைக் கீறி வையுங்கோ. சுண்ணாம்பு அடிச்ச சுவரில பிறகு பெயின்ற் அடிக்க மனம் மாறினால், கையில தூள் ஒட்டாத அளவுக்குச் சுரண்டி எடுக்கவேணும். இல்லாட்டிப் பெயின்ற் தாள் மாதிரி உரியும்.

ஏற்கனவே கரி ஏறின சுவருக்கு இமல்ஷன் அடிக்கப்போறவை இதை வாசிச்சால்: கரியும் புகைப்பிசினும் தண்ணிப் பெயின்றுக்குள்ளால மண்ணிறமாய் ஊறி மேல வரும், எத்தினை கை அடிச்சாலும் வரும். சவர்க்காரத் தண்ணியால உரஞ்சிக் கழுவி, காய விட்டு, கறை மறிக்கிற எண்ணெய்ப் பிறைமர் ஒண்டு இடையில போகவேணும்.

பாத்ரூம் பின்சுவரை மற்ற வேலையெல்லாம் முடியும்வரை விடுங்கோ. குழாய்ப் பொருத்து கசியுதோ எண்டும் ஒருக்காப் பாருங்கோ. 7 கிழமையில காயாட்டி பூச்சு மட்டும் காரணமாய் இருக்காது.

இனி லீற்றர். ஹோல் சுத்தளவு 68 அடி, உயரம் 10, 680 சதுர அடி. கதவு, வாசல், யன்னல் 130 போக 550. மூண்டு அறையும் 136 அடிச் சுத்தளவு, 1360இல 183 போக 1177. சாமியறை கதவு போக 219. குசினிக்குக் கதவு ரெண்டு, யன்னல் ஒண்டு, மேடைக்கு மேல ரைல்ஸ் ரெண்டடி எண்டு வைச்சால் மிச்சம் 346. எல்லாம் சேர்த்து 2292.

சீலர் வெறும் பூச்சில லீற்றருக்கு 85 சதுர அடிதான் போகும், ஆக 27 லீற்றர். 20 லீற்றர் வாளி ஒண்டு, 4 லீற்றர் ரெண்டு. அடுப்புப் பக்கம் சுண்ணாம்பு எண்டபடியால் கொஞ்சம் மிஞ்சும், அது பாத்ரூமுக்கு.

இமல்ஷன் ரின்னில லீற்றருக்கு 120, 130 சதுர அடி எண்டு போட்டிருக்கும். அது வழுவழுப்பான சுவருக்குச் சொன்னது, நீங்கள் 100 எண்டு பிடியுங்கோ. ஹோலில பட்டை 4 அடி, வாசலும் பட்டைக்குள்ள வாற யன்னல் ஒரு அடியும் விட்டு 217 சதுர அடி. ரெண்டு கைக்கு சில்க் 4 லீற்றரும் 1 லீற்றரும். மேல மிச்சம் 333, ரெண்டு கைக்கு 6.7 லீற்றர். அறையளுக்கு 23.5. ஹோல் மேற்பக்கமும் மூண்டு அறையும் ஒரே வெள்ளை எண்டால் 30 லீற்றர், 20உம் 10உம். அறைக்கு அறை வேற நிறம் எண்டால் 12க்கு 12க்கு 8.4, 12க்கு 11க்கு 8, 11க்கு 10க்கு 7.2 போகும். 4 லீற்றர்க் கணக்கில வாங்கேக்க ஒவ்வொண்டிலயும் அரைகுறையாய் மிஞ்சியோ முட்டியோ நிக்கும். காசு பாக்கிறது எண்டால் ஒரு நிறம்தான். சாமியறைக்குச் செமி குளோஸ் 4உம் 1உம், குசினிக்கு 4 ரெண்டு, அடுப்புச் சுவர் போக அது தாராளம். சீலிங் இதில சேரேல்லை.

ஒரே நிறத்தில ரெண்டு வாளி வந்தால், ரெண்டையும் பெரிய வாளியில ஊத்திக் கலந்துபோட்டு அடியுங்கோ. மெஷினில கலந்தாலும் வாளிக்கு வாளி ஒரு துளி வித்தியாசம் வரும். சுவரின்ர நடுவில வாளி மாறினால் அது கோடாய் நிக்கும். தண்ணி முதல் கைக்கு 10 முதல் 15 வீதம், ரெண்டாம் கைக்கு 5 வீதம், ரின்னில வேற சொல்லியிருந்தால் அதுபடி. கிணத்துத் தண்ணி உவர் எண்டால் வேண்டாம், குடிக்க வாங்கிற தண்ணியை விடுங்கோ, 30 லீற்றர் பெயின்றுக்கு 3 லீற்றர் அளவுதான் முடியும். கைக்கும் கைக்கும் 4 மணித்தியாலம்.

இந்தக் காத்திலயும் வெயிலிலயும் பெயின்ற் டக்கெண்டு காயும். மேல இருந்து கீழ 3 அடி அகலத் துண்டாய் அடிச்சு, ஈர விளிம்பு காய முதல் அடுத்த துண்டைச் சேர்க்கவேணும். தேத்தண்ணி குடிக்கச் சுவரின்ர நடுவில நிப்பாட்டினால் அந்தக் கோடு வீடு இருக்கும்வரை இருக்கும், மூலையில நிப்பாட்டச் சொல்லுங்கோ. வெயில் படுற சுவரை வெயில் போனபிறகு அடியுங்கோ. காலையில முற்றத்துக்கும் ரோட்டோரத்துக்கும் தண்ணி தெளிச்சு, ரோட்டுப் பக்க யன்னலைப் பூட்டி வையுங்கோ. சில்க்கும் செமி குளோஸும் காயமுதல் புழுதி விழுந்தால் சாண்ட் பேப்பர் போட்டுத் திருப்பி அடிக்கிறதைத் தவிர வழியில்லை. மெற்றுக்கு 10 மில்லிமீற்றர் மயிர் றோலர், செமி குளோஸுக்கு 5 மில்லிமீற்றர்.

ஒட்டுசுட்டான்_வீடு

நல்லது அண்ணை. மயில்நீலம் சாமியறை மாடத்துக்கு மட்டும். கிழக்கு வெளிச்சுவருக்குச் சீலர் திங்கட்கிழமை தொடங்குறம். மிஞ்சிற பெயின்றை என்ன செய்யிறது?

பிறஷ்காரன்

தண்ணி கலக்காத மிச்சத்தை மட்டும் வையுங்கோ, கலந்தது கொஞ்ச நாளில நாறும். நிறைஞ்ச போத்தலாய் மூடி இறுக்கி, வெயில் படாத இடத்தில. நிற நம்பர், அடிப் பெயின்ற் வகை, வாங்கின திகதி, எந்தச் சுவர் எண்டு மூடியில எழுதாதேங்கோ, மூடி மாறிப்போகும். போத்தலின்ர உடம்பில எழுதுங்கோ.